ஆஃப்ரோட் மேப்பை எந்த வரிசையில படிக்கணும்: கோடு, கலர், குறி – கொலராடோ, யூட்டா பக்கம் போறவங்களுக்கு முழு வழிகாட்டி

புதுசா வர்றவங்க கையில ஒரு டிரெயில் மேப்பை விரிச்சு குடுத்தா முக்காவாசி பேர் முதல்ல தேடறது பச்சை வட்டத்தைத்தான். பச்சைன்னா ஈசி, நீலம்னா கொஞ்சம் கஷ்டம், கருப்புன்னா வேணாம், அவ்வளவுதானேன்னு நினைச்சு ரூட் போட்டுடறாங்க. ஆனா அந்த வட்டம், சதுரம் எல்லாம் கடைசியா பாக்க வேண்டியது. அதுக்கு முன்னாடி இது யாரோட நிலம், இந்தக் கோட்டுல என் வண்டிக்கு அனுமதி இருக்கா, இன்னிக்கு தேதியில இருக்கா, தரை எப்படி இருக்குன்னு நாலு கேள்வி இருக்கு. இந்த வரிசை மாறினா என்ன ஆகும்னு நானும் அனுபவிச்சிருக்கேன், கூட வந்தவங்களும் அனுபவிச்சிருக்காங்க.

அமெரிக்க மேற்குப் பக்கம், அதுலயும் கொலராடோவோட சான் வான் மலை, யூட்டாவோட மோவாப் ரெண்டையும் வெச்சுத்தான் எழுதறேன். வேற மாநிலத்துலயும் இதே மேப்புங்கதான், ஆனா விதிகள் மாறும்.

1. கிளம்பறதுக்கு முன்னாடி கையில என்ன இருக்கணும்

ஒரே மேப் போதும்னு நினைக்கறதுதான் முதல் தப்பு. ஒவ்வொரு மேப்பும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும்.

அமெரிக்க வனத்துறையான ஃபாரஸ்ட் சர்வீஸ் இலவசமா குடுக்கற மோட்டார் வெஹிக்கிள் யூஸ் மேப் ஒண்ணு வேணும், எல்லாரும் எம்வியூஎம்னுதான் சொல்வாங்க. எந்த வண்டி எங்க போகலாம்னு சட்டப்படி சொல்றது அது. பிஎல்எம் (பொது நிலத்தைப் பாத்துக்கற மத்திய அரசுத் துறை) நிலமா இருந்தா அவங்களோட டிராவல் மேப்பும், நில உரிமையைக் கலர்ல காட்டற மேப்பும் வேணும். ஏற்ற இறக்கம் தெரிய யூஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க புவியியல் ஆய்வு அமைப்பு) போடற டோபோ ஷீட், 7.5 மினிட்னு சொல்றது. நாலாவதா டிரெயிலுக்கு கஷ்ட அளவு போட்ட மேப்போ கைடு புக்கோ ஏதாவது ஒண்ணு.

இதோட ஒரு துண்டு பேப்பர்ல உங்க வண்டியோட அகலத்தை இன்ச்சில எழுதி வெச்சுக்கோங்க. சிரிக்காதீங்க, அது எதுக்குன்னு நாலாவது படியில புரியும். ஜீப் ராங்லர் சுமார் 74 இன்ச், பெரிய பிக்கப் டிரக்குன்னா 80 இன்ச்சை ஒட்டி வரும். சைட் மிரர் இதுல சேராது, ஆனா ரெண்டு பாறைக்கு நடுவுல போகும்போது அதுவும் சேரும்!

2. முதல்ல லெஜெண்ட், ஸ்கேல், வருஷம்

மேப்போட நடுவுல கண்ணை வைக்காதீங்க, ஓரத்துக்குப் போங்க. லெஜெண்ட் கட்டத்தை ஒருவாட்டி முழுசா படிங்க, ஏன்னா ஒரு மேப்புல புள்ளிக் கோடு நடைபாதையா இருக்கும், இன்னொண்ணுல அதுவே மோட்டார் சைக்கிள் டிரெயிலா இருக்கும், மூணாவதுல கவுண்டி எல்லையா இருக்கும். போன மேப்புல படிச்சதை இந்த மேப்புக்கு தூக்கிட்டு வராதீங்க.

அடுத்து ஸ்கேல். 7.5 மினிட் டோபோ 1:24,000, அதாவது மேப்புல 1 இன்ச் தரையில 2,000 அடி, ஒரு மைலுக்கு 2.64 இன்ச். ஃபோன்ல பாக்கறப்போ இந்த கணக்கு செல்லாது, விரலால பெருசாக்கினதும் அளவு மாறிடும், அதனால கீழ இருக்கற ஸ்கேல் பாரை மட்டும் நம்புங்க.

அப்புறம் அச்சடிச்ச வருஷம். எம்வியூஎம்ல புதுசு வந்ததும் பழசு செல்லாது. டோபோல இதுக்கு நேர்மாறா ஒரு விஷயம் இருக்கு: பழைய ஷீட்டுல இருக்கற சுரங்கப் பாதை, இடிஞ்ச கேபின் மாதிரி நிறைய விவரம் 2009க்கு அப்புறம் வந்த யூஎஸ் டோபோ வரிசையில விட்டுப் போயிருக்கு. அதனால நிலத்தைத் தெரிஞ்சுக்க பழைய டோபோ, அனுமதி தெரிஞ்சுக்க புது எம்வியூஎம். இதை மாத்திப் போட்டு பழைய டோபோல கோடு இருக்குன்னு மூடின ரோட்டுல வண்டியை விட்டவங்க நிறைய.

பழைய டோபோல இருந்து ஜிபிஎஸ்ல இடத்தோட எண்ணை அடிக்கறவங்களுக்கு மட்டும் ஒண்ணு: ஓரத்துல நாட் 27ன்னு (1927ல வந்த அளவு அடிப்படை, டேட்டம்னு சொல்வாங்க) இருந்தா ஜிபிஎஸ்லயும் அதே டேட்டம் வைக்கணும், இல்லன்னா யூடிஎம் (இடத்தை மீட்டர்ல சொல்ற முறை) எண்ணுல சுமார் 200 மீட்டர் தள்ளிப் போயிடும். மலையில 200 மீட்டர்னா பக்கத்து பள்ளத்தாக்கு.

3. பின்னணிக் கலர்: இது யாரோட நிலம்

இங்கதான் பச்சை கலர் குழப்பம் ஆரம்பிக்குது. நில உரிமை மேப்புல வெளிர் பச்சைன்னா நேஷனல் ஃபாரஸ்ட். டோபோல பச்சைன்னா மரம் செடி இருக்கற இடம். டிரெயில் ரேட்டிங்ல பச்சைன்னா ஈசி. ஒரே கலருக்கு மூணு அர்த்தம். என்கூட வந்த ஒருத்தர் மேப் முழுக்க பச்சையா இருக்கே, இன்னிக்கு ஜாலியா போலாம்னு சொன்னார், அவர் பாத்துட்டு இருந்தது காட்டை.

பிஎல்எம் வழக்கமா பயன்படுத்தற கலர்ங்க இப்படி: மஞ்சள்னா பிஎல்எம் நிலம், பச்சை ஃபாரஸ்ட் சர்வீஸ், வெளிர் நீலம் மாநில அரசு நிலம், இளம் ஊதா நேஷனல் பார்க், ஆரஞ்சு சாயல் பழங்குடி ரிசர்வேஷன், பிங்க் ராணுவம். வெள்ளைன்னா தனியார்.

வெள்ளையை எல்லாரும் ஒண்ணுமில்லாத இடம்னு படிக்கறாங்க, அதுதான் பெரிய ஆபத்து. கொலராடோல சில்வர்டன், யூரே ஊர்ங்க பக்கம் பழைய சுரங்க உரிமை நிலங்கள் மெலிசான நீள்சதுரமா ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சு கிடக்கும், பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவுல குச்சியை இறைச்ச மாதிரி வெள்ளைக் கோடுங்க. அதெல்லாம் தனியார் சொத்து. ரோடு அது வழியா போகலாம், நீங்களும் போகலாம், ஆனா ரோட்டை விட்டு இறங்கி கூடாரம் போட்டா அத்துமீறல்.

வெளிர் நீலத்தையும் அரசாங்க நிலம்தானேன்னு விட்டுடாதீங்க. கொலராடோல ஸ்டேட் டிரஸ்ட் நிலம் பொதுமக்களுக்குத் தானா திறந்தது கிடையாது, அனுமதி இருக்கற துண்டுல மட்டும்தான். யூட்டாவில இந்த நீலம் கட்டம் கட்டமா சிதறிக் கிடக்கும், ஏன்னா 36 கட்டமா பிரிச்ச ஒவ்வொரு டவுன்ஷிப்லயும் 2, 16, 32, 36 எண் செக்‌ஷனை மாநிலத்துக்கு குடுத்திருந்தாங்க.

செக்‌ஷன்னதும் ஞாபகம் வருது, டோபோல சிவப்புக் கட்டத்துக்கு நடுவுல 1ல இருந்து 36 வரைக்கும் எண் இருக்கும், அது ரோடு நம்பர் இல்ல. ஒவ்வொரு கட்டமும் சுமார் ஒரு சதுர மைல். 17ம் நம்பர் ரோட்டைக் காணோம்னு அரை மணி நேரம் தேடின கோஷ்டியை நான் பாத்திருக்கேன். ஆனா இந்தக் கட்டம் தூரத்தை கண்ணால மதிப்பிட அருமையா உதவும்.

இந்தப் படியில இன்னொண்ணு, வில்டர்னஸ்னு சட்டம் போட்டு இயற்கையா விட்டு வெச்சிருக்கற பகுதியோட எல்லை. 1964 சட்டப்படி அதுக்குள்ள மோட்டார் வண்டிக்கு இடமே இல்ல, சைக்கிளுக்கும் இல்ல. சில இடத்துல ரோடு மட்டும் குச்சி மாதிரி உள்ள நீட்டியிருக்கும், ரெண்டு பக்கமும் வில்டர்னஸ். செர்ரி ஸ்டெம்னு சொல்வாங்க. அங்க யூ டர்ன் போடறதுக்கு ஓரமா ஏறினாலே எல்லை தாண்டினதா ஆகும்.

4. கோடு: என் வண்டிக்கு அனுமதி இருக்கா

எம்வியூஎம்மை முதல் தடவை பாக்கறவங்களுக்கு அழுகை வரும். கலர் கிடையாது, மலை கிடையாது, உயரம் காட்டற காண்டூர் கோடு கிடையாது, கருப்புக் கோடும் குட்டிக் குட்டி எண்ணும்தான். ஃபோட்டோகாபி கெட்டுப் போச்சோன்னு ஒருத்தர் கேட்டார். அது அப்படித்தான், ஏன்னா அது வழி காட்டற மேப் இல்ல, சட்டக் காகிதம்.

அதோட அடிப்படை விதி ஒண்ணே ஒண்ணு, அதை மனசுல ஏத்திக்கிட்டா பாதி வேலை முடிஞ்சது: கோடு இருந்தா போகலாம், கோடு இல்லன்னா போகக் கூடாது. தரையில நல்ல பாதையா டயர் தடத்தோட இருக்கலாம், மூடியிருக்குன்னு போர்டே இல்லாம இருக்கலாம், மேப்புல இல்லன்னா அது மூடினதுதான். போர்டு இல்லையேங்கறது சாக்கு ஆகாது. மீறினா 5,000 டாலர் வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் சிறைன்னு மேப்புலயே அச்சடிச்சிருக்கும்.

கோடு எந்த ரகம்னு லெஜெண்டோட ஒட்டிப் பாருங்க. எல்லாம் கருப்புங்கறதால தடிமனும் துண்டு துண்டா இருக்கற விதமும்தான் வித்தியாசம். முக்கியமா அஞ்சு வகை வரும்:

- ஹைவே லீகல் வண்டிக்கு மட்டும் திறந்த ரோடு. நம்பர் பிளேட், ரிஜிஸ்ட்ரேஷன் இருக்கற ஜீப், கார், பைக். பிளேட் இல்லாத ஏடிவி (நாலு சக்கர குட்டி ஆஃப்ரோட் வண்டி) போகக் கூடாது.
- எல்லா வண்டிக்கும் திறந்த ரோடு. ஜீப், ஏடிவி, டர்ட் பைக் எல்லாம் கலந்து வரும், வளைவுல அதை எதிர்பார்த்து ஓட்டுங்க.
- எல்லா வண்டிக்கும் திறந்த டிரெயில். இது ரோடு இல்ல, டிரெயில். ஜீப்புக்கு அனுமதி உண்டு, ஆனா ரோடு மாதிரி பராமரிக்க மாட்டாங்க.
- 50 இன்ச் அல்லது அதுக்கும் குறைஞ்ச அகலம் உள்ள வண்டிக்கு மட்டும்.
- மோட்டார் சைக்கிளுக்கு மட்டும்.

இது போக ஸ்பெஷல் டெசிக்னேஷன்னு தனி அகலம், தனி வகைக்கு குறி போட்டிருப்பாங்க, அதுக்கு மேப்போட கூடவே வர்ற டேபிளைப் பாக்கணும்.

அந்த 50 இன்ச்சுலதான் நான் மாட்டினேன். ஒரு துண்டுக் கோட்டை லெஜெண்ட் பாக்காம சின்ன ரோடுன்னு எடுத்துக்கிட்டு ஜீப்பை விட்டேன், முதல் கால் மைல் அருமையா போச்சு, அப்புறம் ரெண்டு மரத்துக்கு நடுவுல வழி சுருங்குது. 74 இன்ச் வண்டி. திரும்ப இடமில்ல, கால் மைலும் ரிவர்ஸ், மனைவி பின்னாடி நடந்து கையைக் காட்ட, அன்னிக்கு நைட் வரைக்கும் கழுத்து வலி. அகலத்தை எழுதி வைக்கச் சொன்னது இதுக்குத்தான். சைடு பை சைடு (பக்கத்துல பக்கத்துல சீட் இருக்கற குட்டி ஆஃப்ரோட் வண்டி) வாடகைக்கு எடுக்கறவங்களும் கவனிங்க, அதுல பல மாடல் 60 இன்ச்சுக்கு மேல, பாக்க சின்னதா இருக்கறதால 50க்குள்ள அடங்கும்னு நினைச்சுடறாங்க.

ரோடு எண்ணையும் கூடவே குறிச்சுக்கோங்க. புள்ளிக்கு அப்புறம் எண்ணும் எழுத்தும் வந்தா, உதாரணத்துக்கு 853.1பி மாதிரி, அது பெரிய ரோட்டுல இருந்து பிரியற கிளை. கிளைங்க நிறைய இடத்துல முட்டுச்சந்து.

ரோட்டோரமா சின்னப் புள்ளிங்க வரிசையா வந்தா கேம்ப் போட ரோட்டை விட்டு வண்டியோட கொஞ்ச தூரம் விலகலாம்னு அர்த்தம். எவ்வளவு தூரம்னு டேபிள்ல இருக்கும், 300 அடின்னு நிறைய இடத்துல வரும், ஆனா ஃபாரஸ்டுக்கு ஃபாரஸ்ட் மாறும். புள்ளி இல்லாத ரோட்டுல இந்த சலுகை இல்ல.

5. தேதி: இன்னிக்கு அனுமதி இருக்கா

கோட்டுப் பக்கத்துல சீசன் குறி இருந்தா அந்த ரோடு வருஷம் முழுக்க திறந்தது இல்ல. எண்ணை எடுத்துக்கிட்டு டேபிளுக்குப் போங்க, மாசமும் நாளும் போட்டிருக்கும். புதுசா வர்றவங்க தாண்டிப் போற இடம் இதுதான், ஏன்னா டேபிள் மேப்போட பின்பக்கமோ ஓரத்துலயோ பொடி எழுத்துல இருக்கும்.

டேபிள்ல திறந்த தேதின்னா ரோடு போகற நிலைமையில இருக்குன்னு அர்த்தம் இல்ல. 13,114 அடி உயரத்துல இருக்கற கொலராடோ மலைக் கணவாய் இமோஜின் பாஸ்ல பனியைப் பொறுத்து ஜூன் கடைசி, ஜூலைன்னு தள்ளும். கிளம்பற வாரம் ரேஞ்சர் ஆபீஸுக்கு ஒரு ஃபோன் போடுங்க, மேப் எவ்வளவு புதுசா இருந்தாலும் நேத்து சரிஞ்ச பாறை அதுல இருக்காது.

6. பிரவுன் கோடு: தரை எப்படி ஏறுது

அனுமதி வேலை முடிஞ்சது. இப்ப டோபோவை எடுங்க. இந்தப் படியில அவசரப்படாதீங்க.

பிரவுன் கோடெல்லாம் காண்டூர், ஒரே உயரத்துல இருக்கற இடங்களை இணைக்கறது. அஞ்சாவது கோடு ஒவ்வொண்ணும் தடிமனா, உயரம் எழுதி இருக்கும். இந்தத் தடிமன் கோட்டை ரோடுன்னு நினைச்சவங்களும் உண்டு, நான் கதை விடல. ரெண்டு கோட்டுக்கு நடுவுல எவ்வளவு அடின்னு மேப்போட அடியில போட்டிருக்கும், மலைப் பகுதி ஷீட்டுல 40 அடி சாதாரணம்.

கணக்கு இப்படி. ரோட்டு மேல 1 இன்ச் அளந்துக்கோங்க, அது 2,000 அடி. அந்த ஒரு இன்ச்சில ரோடு எத்தனை பிரவுன் கோட்டை வெட்டுதுன்னு எண்ணுங்க. 10 கோடுன்னா 400 அடி ஏற்றம். 400ஐ 2,000ஆல வகுத்தா 20 சதவீதம். பெரிய ஹைவே மலை ஏத்தத்துலயே 6, 7 சதவீதத்துக்குத்தான் எச்சரிக்கை போர்டு வைக்கறாங்க, இது அதைவிட மூணு மடங்கு, அதுவும் சரளைக் கல்லுல. இங்க ஃபோர் வீல் லோ (நாலு சக்கரமும் மெதுவா, நல்ல இழுவையோட சுத்தற கியர்) போடணும், இறங்கறப்போ பிரேக்கை நம்பாம கியர்ல இறங்கணும்னு மேப்புலயே குறிச்சுக்கலாம். வளைஞ்சு வளைஞ்சு போற ரோட்டை நூலை வெச்சு அளங்க, நேரா அளந்தா சரிவு நிஜத்தை விடப் பெருசா வரும்.

இப்ப பலரும் தப்பா படிக்கற இடம். ரோடு காண்டூருக்கு இணையா போனா சமதளம், ஈசின்னு படிக்கறாங்க. வண்டி ஏறாது இறங்காதுங்கறது சரிதான், ஆனா அங்க கோடுங்க நெருக்கமா இருந்தா ரோட்டுக்கு ஒரு பக்கம் மலை, இன்னொரு பக்கம் பாதாளம். ஷெல்ஃப் ரோடுன்னு சொல்றது இதைத்தான், சுவத்துல அலமாரிப் பலகை அடிச்ச மாதிரி. உயரம்னா பயப்படறவங்க வண்டியில இருந்தா ஏற்றத்தை விட இதுதான் அவங்களைப் படுத்தும். கோடுங்க ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சுன்னா அது செங்குத்துப் பாறை.

காண்டூர் ஆங்கில வி மாதிரி மடங்குதுன்னா அதோட முனை மேல் பக்கம், உயரம் கூடற திசையில இருந்தா பள்ளத்தாக்கு, தண்ணி வர்ற திசையைக் காட்டுது. முனை கீழ்ப்பக்கம் பாத்தா முகடு. உள்பக்கம் சின்னப் பல்லு பல்லா கோடு இருந்தா குழி.

காண்டூர் சொல்லாத விஷயமும் ஒண்ணு இருக்கு. 40 அடி இடைவெளி உள்ள மேப்புல 3 அடி பாறைப் படிக்கட்டு தெரியாது. உங்க வண்டியை நிறுத்தப் போறது பல தடவை அந்த 3 அடிதான். அதுக்குத்தான் ஒம்பதாவது படி.

7. நீலம்: தண்ணி எங்க குறுக்க வரும்

விடாத நீலக் கோடுன்னா வருஷம் பூரா ஓடற ஓடை. துண்டும் புள்ளியுமா இருந்தா மழைக்கும் பனி உருகறதுக்கும் மட்டும் ஓடறது. ரோடு நீலத்தை வெட்டற இடம் ஒவ்வொண்ணையும் வட்டம் போடுங்க, பாலம் குறி இல்லன்னா வண்டியோட தண்ணியில இறங்கணும். கொலராடோ உயரத்துல பனி உருகற ஓடை காலையில கணுக்கால் அளவு, சாயங்காலம் முழங்கால்னு மாறும், அதனால திரும்பி வர்ற நேரத்தையும் யோசிங்க. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சொல்றது இங்க டயருக்கும் பொருந்தும்.

யூட்டாவில துண்டு நீலத்தை இன்னும் மரியாதையா பாருங்க. அங்க அது காஞ்ச மணல் ஓடை, பல டிரெயில் அதுக்குள்ளயே மைல் கணக்குல ஓடும். ரோட்டுக் கோடும் நீலத் துண்டும் ஒண்ணு மேல ஒண்ணு கிடந்தா அதுதான் அர்த்தம். ஜூலைல இருந்து செப்டம்பர் வரைக்கும் எங்கயோ தூரத்துல பெஞ்ச மழை இங்க வெள்ளமா வரும், உங்க தலைக்கு மேல வெயில் அடிச்சுட்டு இருக்கும்போதே. அந்த நீலத் துண்டைப் பின்னாடி தொடர்ந்து போய் எவ்வளவு பெரிய பகுதியில இருந்து தண்ணி சேருதுன்னு டோபோல பாத்துட்டு அந்தப் பக்கத்து வானிலையைப் பாருங்க.

8. சின்னக் குறிங்க

சீக்கிரம் சொல்லிடறேன். ரெண்டு குந்தாலி குறுக்க வெச்ச மாதிரி இருந்தா குவாரி இல்ல திறந்தவெளி சுரங்கம். வெறும் பெருக்கல் குறி மாதிரி இருந்தா யாரோ தாது தேடி தோண்டிப் பாத்த குழி. ஆனா பி எம் எழுத்தோட பக்கத்துல உயரமும் இருந்தா அது அளவைக்கல், குழி இல்ல. சுரங்கக் குறி நிறைய இருக்கற இடத்துல ராத்திரி இருட்டுல டென்ட் விட்டு நடக்காதீங்க.

பழைய டோபோல ரோட்டு ரகமும் தெரியும்: இரட்டைக் கோடு விடாம இருந்தா ஓரளவு நல்ல ரோடு, இரட்டைக் கோடு துண்டு துண்டா இருந்தா சீர் பண்ணாத ரோடு, ஒத்தைத் துண்டுக் கோடு நடைபாதை. கேட் குறி இருந்தா பூட்டினதா, மூடிட்டுப் போகற மாட்டு கேட்டான்னு விசாரிங்க.

ஒன் வே அம்புக்குறி. கொலராடோல பிளாக் பேர் பாஸ்ங்கற கணவாய் மேல இருந்து டெல்லுரைட் ஊர் பக்கம் இறங்கற பகுதி ஒன் வே, கீழ் நோக்கி மட்டும். டெல்லுரைட்ல இருந்து ஏறலாம்னு பிளான் போட்டா அந்த பிளானே செல்லாது, இறங்க ஆரம்பிச்சுட்டு பயந்து திரும்பவும் முடியாது.

9. வட்டம், சதுரம், டைமண்ட்: கடைசியா இதைப் பாருங்க

இப்பதான் கஷ்ட அளவு. பச்சை வட்டம், நீலச் சதுரம், கருப்பு டைமண்ட், ரெண்டு டைமண்ட், இதெல்லாம் பனிச்சறுக்கு மலையில இருந்து வந்த பழக்கம். மோவாப்ல ஜீப் டிரெயிலுக்கு உள்ளூர் ரெட் ராக் ஃபோர் வீலர்ஸ் கிளப் 1ல இருந்து 10 வரைக்கும் எண் போடறாங்க. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு நேரா பொருந்தாது, அதனால ஒரு மேப்போட நீலத்தையும் இன்னொண்ணோட 5ஐயும் சமம்னு வைக்காதீங்க.

கேக்க வேண்டிய மூணு கேள்வி. யாருக்கு போட்ட ரேட்டிங்? சைக்கிளுக்கும் இதே வட்டம் சதுரம்தான். எந்த வண்டிக்கு? கம்பெனியில இருந்து வந்தபடியே இருக்கற எஸ்யூவிக்கும், உயர்த்தி பெரிய டயர் போட்ட ஜீப்புக்கும் நீலம் ஒண்ணு இல்ல. எந்த நாளைக்கு? காஞ்ச தரைக்குத்தான் ரேட்டிங், மழை பெஞ்ச களிமண்ணுல பச்சை கூட கருப்பாயிடும்.

ரேட்டிங் டிரெயில்ல இருக்கற மோசமான ஒரு இடத்துக்காகவும் இருக்கலாம், முழு தூரத்துக்காகவும் இருக்கலாம். விவரத்தைப் படிச்சு அந்த மோசமான இடம் எந்த மைல்ல வருதுன்னு மேப்புல குறிங்க, அதுக்கு முன்னாடி திரும்ப இடம் எங்கன்னும் குறிங்க. வாடகை வண்டின்னா ஒப்பந்தத்தையும் படிங்க, சில டிரெயில் பேர் போட்டு கூடாதுன்னு எழுதியிருப்பாங்க.

10. இமோஜின் பாஸை வெச்சு ஒருவாட்டி ஓட்டிப் பாப்போம்

யூரே 7,792 அடி, பாஸ் 13,114 அடி, நடுவுல சுமார் 10 மைல். ஏற்றம் 5,322 அடி, சராசரி 10 சதவீதம். அந்தப் பக்கம் டெல்லுரைட் 8,750 அடி, 7 மைல், சராசரி 12 சதவீதம். பரவாயில்லையேன்னு தோணும், ஆனா சராசரியை நம்பாதீங்க, இன்ச் இன்ச்சா எண்ணினா மேல போகப் போக கோடு நெருங்கறது தெரியும்.

வரிசையா வாங்க. நிலம்: பெரும்பகுதி பச்சை, கேம்ப் பேர்ட் சுரங்கத்தைச் சுத்தி வெள்ளை, அங்க ரோட்டை விட்டு இறங்கக் கூடாது. கோடு: ஆரம்பம் கவுண்டி ரோடு 361, அங்க கவுண்டி விதி, மேல ஃபாரஸ்ட் விதி. தேதி: திறந்தாச்சான்னு ஃபோன். பிரவுன்: ஷெல்ஃப் பகுதி எங்கெங்கன்னு வட்டம். நீலம்: ஓடை குறுக்க வர்ற இடம். குறி: அந்தப் பக்கம் டாம்பாய் சுரங்கக் கிராமத்தோட இடிஞ்ச கட்டடங்க. அதுக்குக் கீழ டெல்லுரைட் வரைக்கும் ரோடு ஒத்தை வண்டி அகலம், இணையான நெருக்கமான கோடு மேல ஓடுது, எதிர வண்டி வந்தா ஏறி வர்றவங்களுக்குத்தான் முன்னுரிமை, இறங்கற நீங்கதான் பின்னாடி போய் ஒதுங்கணும். அதனால ஒதுங்கற இடத்தைத் தாண்டும்போதெல்லாம் மனசுல குறிச்சுக்கிட்டே வாங்க. இவ்வளவும் பாத்துட்டு அப்புறம் ரேட்டிங்கைப் பாத்தா அந்த எண்ணு எதனால வந்ததுன்னு உங்களுக்கே தெரியும்.

11. தரையில போர்டோட ஒப்பிடறது

ஒவ்வொரு பிரிவுலயும் நில்லுங்க, போர்டு எண்ணை மேப்போட சரிபாருங்க. ஃபாரஸ்ட் ரோட்டுல எண் படுக்கையா எழுதியிருந்தா பொதுவா கார் போகற அளவுக்கு ரோடு, நட்டுக்குத்தலா மேல இருந்து கீழ எழுதியிருந்தா உயரமான வண்டி வேணும். இது தெரியாம வாடகை செடானை நெட்டு எண் ரோட்டுல விட்டவங்களுக்கு எண்ணெய்த் தொட்டி போச்சு. பிரவுன் பட்டைக் கம்பத்துல வண்டிப் படம் ஒட்டியிருக்கும், மேல சிவப்பா சாய்ஞ்ச கோடு இருந்தா அந்த வண்டிக்கு தடை.

மோவாப் பாறையில பெயிண்ட் அடிச்ச குறிதான் போர்டு. சாண்ட் ஃப்ளாட்ஸ்ல வெள்ளைத் துண்டுக் கோடு தெரிஞ்சா அது ஸ்லிக்ராக் பைக் டிரெயில், ஜீப் அதுல ஏறக் கூடாது. குறி இல்லாத மண்ணுல டயர் வைக்காதீங்க, கருப்பா மொரமொரன்னு இருக்கற அந்த மண் மேல்தோல் உயிருள்ளது, ஒருவாட்டி நசுங்கினா திரும்ப வளர வருஷக் கணக்கு ஆகும்.

12. ஃபோனும் காகிதமும்

அவென்சா ஆப்ல எம்வியூஎம்மை இலவசமா இறக்கி வெச்சா சிக்னல் இல்லாமலே உங்க இடம் புள்ளியா தெரியும், ஏன்னா ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்ல. ஆனா வீட்டு வைஃபைல இறக்கினதும் ஏர்ப்ளேன் மோட் போட்டு திறந்து பாருங்க, பேரு மட்டும் இருந்து மேப் இறங்காம இருக்கறது சகஜம். மத்த ஆப்ங்க டிரெயிலுக்கு போடற கலர் அந்தந்த கம்பெனி விருப்பம், அதுக்கும் தனி லெஜெண்ட் இருக்கு, படிங்க. ஆப்ல கோடு இருந்து எம்வியூஎம்ல இல்லன்னா எம்வியூஎம் சொல்றதுதான் கணக்கு.

காகிதமும் எடுத்துட்டுப் போங்க. டேஷ்போர்டு வெயில்ல ஃபோன் சூடாகி அணையறது மலையில தினம் நடக்கற விஷயம். கிளம்பறதுக்கு முன்னாடி அந்தக் காகிதத்துல நாலு இடத்தை ஹைலைட்டர்ல குறிச்சு பக்கத்து சீட்டுல இருக்கறவங்க கையில குடுத்துடுங்க: கடைசியா திரும்ப முடியற இடம், தண்ணி குறுக்க வர்ற இடம், ஷெல்ஃப் ஆரம்பம், தனியார் நிலம். ஓட்டறவங்க மேப் பாக்கக் கூடாது. பக்கத்து சீட்டுல தூங்கறவங்களை பின் சீட்டுக்கு அனுப்பிடுங்க.